தம்பியைத் தேடிப்போன ராஜி: விமர்சகர்கள் எங்கே கைதட்டினார்கள், எங்கே மார்க் குறைத்தார்கள்?

'ஆன்லைன் கேம்' என்று செய்தியில் வந்தாலே கோவையில் பல வீடுகளில் முதலில் ஞாபகத்துக்கு வருவது ரம்மிதான். பணம் போனது, கடன் ஏறியது, உயிர் போனது என்று வருடக்கணக்காக வந்த செய்திகள் அப்படி. தமிழ்நாடு அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும், பணம் புழங்காத மற்ற கேம்களையும் வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அந்த 'மற்ற கேம்கள்' பட்டியலில் நம்மூரில் அதிகம் பேசப்படாத ஒரு வகை உண்டு. கதை சொல்லும் கேம். ஜெயிப்பது தோற்பது இரண்டாம்பட்சம். ஒரு நாவல் படிப்பது போல, ஒரு படம் பார்ப்பது போல, ஆரம்பம் முடிவு உள்ள ஒரு கதைக்குள் ஆடுபவர் நடந்து போவார். இந்த வகையில் இந்தியாவிலிருந்து போய் உலக அளவில் விமர்சகர்கள் உட்கார்ந்து எழுதிய கேம் ஒன்று இருக்கிறது: 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. புனேயில் இருக்கும் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. கதை ஒரே வரிதான். அரக்கர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடி அக்கா போகிறாள்.

வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ வேலை முடிந்து வந்து, ராத்திரியில் சொந்தமாக ஒரு கேம் செய்து பார்க்கும் இளைஞர்களுக்கு ராஜி வாங்கிய விமர்சனங்கள் இன்றைக்கும் உபயோகமான பாடப்புத்தகம். பாராட்டு ஒரு பக்கம் குவிந்தது. குறைகள் இன்னொரு பக்கம் ஒரே இடத்தில் குவிந்தன. அந்த ஒரே இடம் எது என்பதுதான் விஷயம்.

கதையும் பின்னணியும்

ராஜியும் கோலுவும் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள். கூத்து, வித்தை காட்டிப் பிழைப்பவர்கள். திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே அரக்கர் படை இறங்குகிறது. குழந்தைகளைத் தூக்கிப் போகிறது, கோலுவும் போய்விடுகிறான். துர்க்கையின் திரிசூலம் ராஜியின் கைக்கு வருகிறது. பிறகு வில், வாள் கேடயம் என்று ஆயுதங்கள் சேர்கின்றன. மகாபலாசுரன் என்ற அரக்கர் தலைவனை நோக்கிப் பயணம். வழி நெடுக துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்லிகளாக மேலிருந்து பேசிக்கொண்டே வருகிறார்கள்.

இதைச் செய்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல. அவிசல் சிங், ஸ்ருதி கோஷ், இயன் மாட் ஆகியோர் தொடங்கிய குழு. 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். இலக்கு எட்டவில்லை, அந்த முயற்சி தோற்றது. அதோடு மூட்டை கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கட்டவில்லை. 2020 ஆகஸ்ட் 18 அன்று நின்டெண்டோ ஸ்விட்சிலும், அக்டோபர் 15 அன்று கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸிலும் ராஜி வெளியானது. அந்த வருடம் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக கேம் பிரிவில் கடைசி ஐந்தில் ஒன்றாக நின்றது. விருது 'ஃபாஸ்மோஃபோபியா' என்ற பேய் கேமுக்குப் போனது.

கைதட்டல் எதற்கு?

கண்ணுக்கு. இதில் விமர்சகர்களிடம் பெரிய கருத்து வேறுபாடே இல்லை. ராஜஸ்தான் கோட்டைகளின் சாயலில் எழுந்த மாடங்கள், பஹாரி ஓவியங்களின் வண்ணம், கையால் தீட்டியது போன்ற சுவர்கள். கதையின் முக்கியமான திருப்பங்கள் பாலித் தீவின் நிழல் பொம்மலாட்ட பாணியில் வருகின்றன. நம்ம தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. கிரேக்க இசையமைப்பாளர் லினோஸ் ட்சேலோஸின் இசைக்கும் தனியாகப் பாராட்டு கிடைத்தது.

இன்னொரு பாராட்டு கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டியது. கிரேக்கப் புராணமும் வடக்கு ஐரோப்பியப் புராணமும் கேம்களில் அரைத்த மாவு. துர்க்கையும் விஷ்ணுவும் மேற்கத்திய விமர்சகருக்குப் புதுசு. அந்தப் புதுமைக்கே கொஞ்சம் மார்க் விழுந்தது. இந்திய விமர்சகருக்கு அது புதுமையல்ல, பெருமை. நம்ம ஊர் கதை, நம்ம ஊர் பொண்ணு கதாநாயகி என்ற பெருமையோடு எழுதியவர்கள், பாத்திரங்கள் பேசும் ஆங்கிலம் மட்டும் காதில் ஒட்டவில்லை என்று சொன்னார்கள். 2022-ல் வந்த மேம்படுத்திய பதிப்பில் இந்திக் குரல் சேர்க்கப்பட்டது இந்தக் குறைக்கான பதில்தான்.

மார்க் எங்கே போனது?

மெட்டாகிரிட்டிக் என்று ஒரு தளம். பல பத்திரிகைகள் கொடுத்த மார்க்கைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. 75-க்கு மேல் போனால் பச்சை; 50 முதல் 74 வரை மஞ்சள், அதாவது 'கலவையானது அல்லது சராசரி'. ராஜி 70-ஐ ஒட்டி நின்றது. மஞ்சள். முதல் முயற்சிக்கு மோசமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கேம்கள் வரிசை கட்டி நிற்கும் கடையில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள தூரம் சின்னப் பெட்டிக்கடைக்கும் அவினாசி ரோட்டு ஷோரூமுக்கும் உள்ள தூரம்.

குறைகளைப் பார்ப்போம். சண்டை கையில் நிற்கவில்லை. அடித்தால் அடித்த உணர்வு வரவில்லை. கேமரா தள்ளி நிற்பதால் தாவும்போது தூரம் பிடிபடுவதில்லை. புதிர்கள் ரொம்ப சுலபம். துர்க்கையும் விஷ்ணுவும் ஓயாமல் பேசுகிறார்கள், ஆடுபவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. முடிவும் முடிவாக இல்லை, தொங்கலில் நிற்கிறது. தம்பி கிடைத்தானா என்ற கேள்வியோடு கூட வந்த ஆளை அப்படியே வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திய மாதிரி.

இவையெல்லாம் தனித்தனிக் குறைகள் போலத் தெரியும். சண்டை வேறு, புதிர் வேறு, முடிவு வேறு. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அடியில் ஓடுவது ஒரே குறைதான். கதை அக்கா தம்பி பாசத்தைப் பற்றியது. ஆடுபவரின் கை செய்யும் வேலைக்கும் அந்தப் பாசத்துக்கும் சம்பந்தமே இல்லை. கை திரிசூலத்தைச் சுழற்றுகிறது, சுவரில் ஏறுகிறது. தம்பி கதையில் மட்டும் இருக்கிறான், கையில் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை தம்பியைத் தொடுகிறது. வட்டமான சித்திரத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிச் சேர்த்தால் ராஜியும் கோலுவும் சேர்ந்திருந்த நாட்களின் படம் ஒன்று உருவாகும். சுலபமான புதிர் என்று விமர்சகர்கள் சலித்துக்கொண்டதும் இதைத்தான். ஆனால் யோசனை என்ற அளவில் மொத்த கேமிலும் கதையும் கையும் ஒன்றாகச் சேர்வது இங்கேதான். அது நிமிடக் கணக்கில் முடிந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

அதே வருடம், அதே கதை

2020-ன் அறிமுக கேம் பட்டியலில் ராஜியோடு நின்ற இன்னொன்று 'ரோக்கி'. இங்கிலாந்தின் பாலிகன் ட்ரீஹவுஸ் செய்தது. கதையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். டோவே என்ற சிறுமி, பெரிய பூதம் தூக்கிப்போன தம்பி லார்ஸைத் தேடிப் பனிக்காட்டுக்குள் போகிறாள். ஐந்து பேர் பட்டியலில் இரண்டு பேருக்குக் கதை ஒன்று!

ரோக்கியில் சண்டையே கிடையாது. பொருளை எடு, சேர், கொடு என்ற பழைய பாணிப் புதிர்கள். வேகம் குறைவு, அங்கேயும் இங்கேயும் அலைய வேண்டியிருக்கிறது என்ற குறை அதற்கும் உண்டு. ஆனால் அண்ணன் தங்கை, அக்கா தம்பி கதை என்ற வகையில் அதற்கு நல்ல பெயர். காரணம் எளிது. அம்மா இல்லாத வீடு, துக்கத்தில் உறைந்துபோன அப்பா, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெரிய பொண்ணு. லார்ஸ் காணாமல் போவதற்கு முன்பே, அவனோடு பனியில் விளையாடுவதும் அவனைத் தூங்கவைப்பதும் ஆடுபவரின் கையாலேயே நடந்துவிடுகிறது. தொலைந்தது யாரென்று தெரிந்த பிறகுதான் தேடல் தொடங்குகிறது. ராஜியில் ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே கோலு போய்விடுகிறான். ஒரு நிமிஷம்கூட நம்மோடு இல்லாத தம்பிக்காக எத்தனை அரக்கரை அடிக்க முடியும்?

இரண்டு கட்டைவிரல், இரண்டு பிள்ளைகள்

இந்த வகையில் விமர்சகர்கள் இன்றுவரை உதாரணம் காட்டும் கேம் 2013-ல் வந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்'. ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம். இயக்கியவர் ஜோசஃப் ஃபாரெஸ், லெபனானில் பிறந்து ஸ்வீடனில் வளர்ந்த சினிமா இயக்குநர். (இனி வரும் இரண்டு பத்திகளில் அதன் முடிவு இருக்கிறது. ஆடிப் பார்க்க நினைப்பவர்கள் தாண்டிப் போய்விடலாம்.)

அப்பா சாகக் கிடக்கிறார். மருந்து தேடி அண்ணனும் தம்பியும் கிளம்புகிறார்கள். கன்ட்ரோலரின் இடது குச்சி அண்ணன், வலது குச்சி தம்பி. இரண்டு பேரையும் ஒரே ஆள்தான் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். முதல் அரை மணி நேரம் தலை சுற்றும். இவன் சுவரில் முட்டுவான், அவன் வேறு பக்கம் ஓடுவான். போகப் போகக் கை பழகிவிடும். இடது கட்டைவிரல் அண்ணனாகவும் வலது கட்டைவிரல் தம்பியாகவும் மாறிவிடும். அவர்கள் பேசுவது எந்த நாட்டு மொழியும் அல்ல, இட்டுக்கட்டிய மொழி. ஒரு வார்த்தை புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அம்மா தண்ணீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்கு நீச்சல் என்றால் பயம். அண்ணன் முதுகில் தொற்றிக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். கடைசியில் அண்ணன் இறந்துபோகிறான். தம்பி தனியாக வீடு திரும்புகிறான், வழியில் தண்ணீர். அவனுடைய பொத்தானை அழுத்தினால் தயங்கி நிற்கிறான். அண்ணனின் பொத்தானை, இத்தனை நேரம் சும்மா கிடந்த இடது பக்கத்தை, அழுத்தினால் இறங்கி நீந்துகிறான். வசனம் இல்லை, பின்னணிக் குரல் இல்லை. அண்ணன் இல்லாமல் போனதும், இருந்துகொண்டே இருப்பதும் ஆடுபவரின் இடது கட்டைவிரலுக்குத் தெரிகிறது. மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும் இந்த கேமுக்கு மெட்டாகிரிட்டிக்கில் 90-ஐ ஒட்டி மார்க். 2014-ல் பாஃப்டாவின் புதுமைக்கான விருதும் கிடைத்தது. 'நீளம் போதவில்லை' என்ற புகார் ராஜிக்கு வந்த அளவுக்கு இதற்கு வரவில்லை என்பதைக் கவனிக்கணும். நீளம் பிரச்சனையே இல்லை. நிறைவு இல்லாதபோதுதான் கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

2024 பிப்ரவரியில் இதன் புதிய பதிப்பு வந்தது. படம் பளபளப்பாகிவிட்டது. கூடவே இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வசதி: ஒருவருக்கு அண்ணன், இன்னொருவருக்குத் தம்பி. கேட்க நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது. விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டு பேரும் ஒரே உடம்பில் இருந்ததுதான் மந்திரம். பிரித்துக் கொடுத்தால் அது இன்னொரு சாதாரண ஆட்டம். பழையதையே தனியாக ஆடுங்கள் என்று எழுதினார்கள்.

பிரெஞ்சு நிறுவனமான அசோபோவின் 'எ பிளேக் டேல்: இன்னொசன்ஸ்' (2019) இன்னும் எளிய வழியைப் பிடித்தது. 1348, கொள்ளைநோய்க் கால பிரான்ஸ், எலிப்படை. அக்கா அமீசியா, நோயாளித் தம்பி ஹியூகோ. ஒரு பொத்தானை அழுத்தினால் அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம். விட்டுவிட்டுத் தனியாகப் போனால் அவன் பயந்து கூப்பிடுவான். அவ்வளவுதான். அந்தப் பொத்தான்தான் மொத்தக் கதையும். எலிகளைச் சமாளிக்கும் புதிர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, எதிரிகளுக்குப் புத்தி மட்டு என்று குறை சொன்னவர்களும் அக்கா தம்பி உறவுக்கு மார்க் போட்டார்கள். அடுத்த பாகம் 'ரெக்வியம்' 2022-ல் வருடத்தின் சிறந்த கேம் பட்டியலில் இடம்பிடித்தது.

'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் 2' வேறு மாதிரி. அண்ணன் திருடினால், பொய் சொன்னால், தம்பி அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். கடைசியில் தம்பி எடுக்கும் முடிவு ஆடுபவர் அவனை வளர்த்த விதத்தைப் பொறுத்தது. விமர்சனங்கள் கலவையாகத்தான் வந்தன. ஐந்து பகுதிகளை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து இழுத்து வெளியிட்டதும் ஒரு காரணம். ஆனால் யோசனையைக் குறை சொன்னவர்கள் குறைவு. தம்பி தங்கை உள்ள யாருக்கும் அது உறைக்கும்.

தமிழுக்கு ஒரு பச்சை மார்க்

இந்தக் கணக்கு புராணக் கதைக்கும் பெரிய பட்ஜெட்டுக்கும் மட்டும்தானா என்று கேட்டால், 'வெண்பா' பதில் சொல்லும். கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்து 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. அண்ணன் தங்கை கதை அல்ல. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆடுபவர் செய்வது சமையல். கிழிந்து அழிந்துபோன பாட்டியின் சமையல் குறிப்பைப் பார்த்து, விடுபட்டதை ஊகித்து இட்லி செய்ய வேண்டும். இட்லித் தட்டைத் தவறாக அடுக்கினால் இட்லி கெட்டுப்போகும்.

நினைவு அழிகிறது, மொழி அழிகிறது, சமையலில் மட்டும் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கதை. கையும் அதையேதான் செய்கிறது. 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் மிகப் பெரிய பரிசும், பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் கிடைத்தன. 'இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்' என்று பலரும் எழுதினார்கள். ராஜிக்கு எழுதிய அதே வாக்கியம்தான், தொனி வேறு. ஒன்று பந்தியில் இன்னொரு இட்லி கேட்பது, இன்னொன்று பில்லைப் பார்த்து முகம் சுளிப்பது.

ராஜியை விட வெண்பா நல்ல கேம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். ராஜி எடுத்துக்கொண்ட வேலை பல மடங்கு கடினம். முப்பரிமாணச் சண்டையும் தாவலும் நூறு பேர் கம்பெனிகளே தடுமாறும் இடம். பத்துப் பதினைந்து பேர் அதைத் தொட்டதே துணிச்சல். ஆனால் வாங்கும் ஆள் துணிச்சலுக்குக் காசு கொடுப்பதில்லை. ஸ்டீம் கடையில் விற்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 30 சதவீதம் கடைக்காரருக்குப் போய்விடுகிறது. மீதியில்தான் அடுத்த கேம். சின்னக் குழுவுக்கு எதில் சக்தியைச் செலவழிப்பது என்பது பிழைப்புப் பிரச்சனை. விமர்சகர்கள் மறைமுகமாகச் சொன்னது அதைத்தான்: சண்டையைக் குறைத்துவிட்டு அந்த வட்டச் சித்திரத்தை வளர்த்திருக்கலாமே?

கொங்கு நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

அண்ணன் தங்கை கதைக்குக் கொங்கு நாடு புனேயைப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே அண்ணன்மார் சாமி கதை இருக்கிறது. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். உடுக்கடித்து இரவு இரவாகப் பாடும் கதை. கனடா மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கயம் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி, இரவு இரவாகப் பாடியதை முழுக்க ஒலிப்பதிவு செய்தார். அந்தப் பாடம் 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக இரண்டு தொகுதிகளில் வந்தது. பிறகு அவரே முன்னின்று அதை 26 பாக அனிமேஷன் தொடராகவும் எடுத்தார். மு.கருணாநிதி 'பொன்னர் சங்கர்' என்று நாவல் எழுத, 2011-ல் பிரசாந்த் நடித்துப் படமாகவும் வந்தது. பிரம்மாண்டம் பேசப்பட்ட அளவுக்குக் கதை ஒட்டவில்லை என்ற விமர்சனத்தைப் படம் வாங்கிக்கொண்டது. ராஜியின் மார்க் ஷீட்டையே வேறு பேப்பரில் அடித்த மாதிரி.

கோவைக்குக் கதை விற்கும் தொழிலும் புதுசல்ல. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ, நகரில் பட்சிராஜா ஸ்டுடியோ, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று கொங்கு மண்ணே ஒரு காலத்தில் சினிமா எடுத்துத் தள்ளியது. 1954-ல் வந்த பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம். பிறகு தொழில் சென்னைக்குப் போய்விட்டது, அது வேறு கதை.

ஆக, அண்ணன்மார் கதையை யாராவது கேமாக எடுத்தால்? முதலில் வரும் ஆசை சங்கரின் வாளை ஆடுபவர் கையில் கொடுப்பதாகத்தான் இருக்கும். கொம்பன் பன்றியோடு சண்டை, படைக்களம், கோட்டை. படம் அழகாக வரும். மஞ்சள் மார்க்கும் வரும்.

கதையில் வாள் இல்லாத ஆள் தங்காள். நடக்கப்போவது அவளுக்குக் கனவில் தெரிந்துவிடுகிறது; அண்ணன்களைத் தடுக்க முடிவதில்லை. அவர்கள் விழுந்த பிறகு படுகளம் தேடி நடந்துபோய், எழுப்பி, கொஞ்ச நேரம் பேசி, திரும்ப இழக்கிறாள். தெரிந்தும் தடுக்க முடியாதவளின் கையில் என்ன பொத்தான் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிக்கிற கேம்தான் விமர்சகர்களை உட்காரவைக்கும். 'பிரதர்ஸ்' இரண்டு குச்சியில் செய்ததை இங்கே மூன்று பேருக்குச் செய்ய வேண்டும். அதில் ஒருத்தி வீட்டில் இருப்பாள்.

இன்னொரு சிக்கலைப் பேசாமல் விட முடியாது. ராஜியின் எதிரிகள் அசுரர்கள். எத்தனை பேரை அடித்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அண்ணன்மார் கதையில் எதிரில் நிற்பவர்கள் வேட்டுவர்கள். அந்தச் சமூகத்தினர் இதே ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்தில் இன்றும் வாழ்கிறார்கள். அதே கதையை அவர்கள் வேறு விதமாகவும் சொல்வார்கள். பாடுகிறவர் குரலில் இரண்டு பக்கமும் கேட்கும். கேமில் எதிரி என்றால் வரிசையாக வந்து அடிவாங்கும் முகமில்லாத உருவம். அப்படி ஒரு கேம் வந்தால் மெட்டாகிரிட்டிக் மார்க் பற்றியா பேசுவோம்? கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு கொடுப்பது பற்றித்தான் பேசுவோம். அதுவும் நியாயமாகவே இருக்கும்.

விமர்சனம் யார் எழுதுவது?

தமிழில் கேமிங் யூடியூப் சேனல்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் லைவ் ஓட்டம், சிரிப்பு, சவால். ஒரு கேமை ஆடி முடித்து, எது ஒட்டியது எது ஒட்டவில்லை என்று நிதானமாகச் சொல்பவர்கள் கொஞ்சம் பேர்தான். சினிமாவுக்கு வெள்ளிக்கிழமை மதியமே நூறு விமர்சனம் வருகிற ஊரில் இது ஒரு குறை. ராஜி குழுவுக்கு 2022 பதிப்பில் சண்டையையும் அசைவுகளையும் சரிசெய்ய உதவியது அந்தச் சுருக்கென்ற விமர்சனங்கள்தான். 'நம்மாளு செஞ்சது, சூப்பர்' என்று மட்டும் சொல்லியிருந்தால் எதைத் திருத்துவது என்றே தெரிந்திருக்காது.

அண்ணன்மார் கதைக்குத் திரும்பினால், அங்கே பார்வையாளர் சும்மா உட்கார்ந்து பார்ப்பவர் அல்ல. மணப்பாறை பக்கம் வீரப்பூரிலும் கொங்குக் கிராமங்கள் பலவற்றிலும் படுகளம் நடக்கும்போது, கதையில் வீரர்கள் விழும் கட்டம் வந்ததும் கூட்டத்தில் இருக்கும் ஆண்கள் அருள் வந்து நிஜமாகவே தரையில் சாய்ந்துவிடுவார்கள். மேலே துணி போர்த்தப்படும். அசையாமல் கிடப்பார்கள். தங்காளாக நிற்கும் பெண் வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள்.